எந்தக் குடத்தில் தமிழர் ஓலை?

(காஞ்சிபுரத்தில் நெசவாளரும் தமிழுணர்வாளரும் கூடிய அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

இந்தக் காஞ்சிக்குத் தெற்கே, காலையில் புறப்பட்டு உச்சிக்குள் கண்டு திரும்பத்தக்க தொலைவில், உத்திரமேரூர் இருக்கின்றது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பெற்ற எழுத்துகள் இன்றும் அழியாமல் நிற்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பெற்றது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனை அழைத்து ஓலையை எடுக்கச் செய்தார்கள். அதுவே குடவோலை முறை. ‘உலகுக்கே குடியாட்சி கற்பித்த நாடு தமிழ்நாடு’ என்று மேடைதோறும் முழங்குவோர் இக்கல்வெட்டைத்தான் சான்று காட்டுவர்.

பெருமை கொள்ளத் தக்கதே, மறுப்பார் இலர். ஆயினும், அந்தக் கல்வெட்டு முழுவதையும் படித்தவர்க்கு இன்னொரு செய்தியும் விளங்கும். குடத்தில் எவன் ஓலை விழலாம் என்பதற்கு அங்கே வரம்பு விதிக்கப்பெற்றிருக்கின்றது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். தன் மனையில் தான் வீடு கட்டியிருக்க வேண்டும். அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். வடமொழி மறையறிவு இருக்க வேண்டும். அந்த ஊரவை பார்ப்பனர்க்குக் கொடையளிக்கப்பெற்ற சதுர்வேதி மங்கலத்தின் அவை. உழுதவன் ஓலை அந்தக் குடத்தில் இல்லை. நெய்தவன் ஓலையும் இல்லை. எடுத்த சிறுவனின் கை தூய்மையான கைதான். எடுக்கும் முறையும் நேர்மையான முறைதான். ஆனால், குடத்துக்குள் விழாத ஓலையை எந்தத் தூய கையும் எடுக்க முடியாது!

இந்த ஓர் உண்மையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டால், இன்றைய உலகப் பேரவைகள் அனைத்தின் உள்ளமைப்பையும் தமிழர் தெளிவாகப் பார்த்துவிடலாம்.

உலகின் பெருங்குடங்கள்

ஒன்றிணைந்த நாடுகளின் மன்றம் 1945-இல் தோன்றியது. அதன் பாதுகாப்பு அவையில் அமெரிக்கா, உருசியா, சீனா, பிரித்தானியா, பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளுக்கு மட்டும் தடையுரிமை. மற்றெல்லா நாடுகளும் ஒருமுகமாய் ஒன்றை விரும்பினாலும், ஐவரில் ஒருவர் கை அசைத்தால் அது நின்றுபோகும். இது போரில் வென்றவர் தமக்கு எழுதிக்கொண்ட உரிமை.

பன்னாட்டுப் பணநிதியத்தில் ஒப்போலையின் எடை பணத்தின் எடை. தலையாய முடிவுகளுக்கு 100-க்கு 85 பங்கு ஒப்போலை வேண்டும். அமெரிக்காவிடம் மட்டுமே 16 பங்குக்கு மேல் இருக்கின்றது. எனவே அந்நாடு ஒப்பாத பெருமாற்றம் எதுவும் அங்கே நடவாது. இது பணம் படைத்தவர் தமக்கு எழுதிக்கொண்ட உரிமை.

செனீவாவிலுள்ள மாந்த உரிமை மன்றத்தில் 47 நாடுகளுக்கும் சமமான ஒப்போலை. ஆங்கேனும் தமிழர் நிலை என்ன? 2009 மே 27-ஆம் நாள். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாளும் ஆகவில்லை. பன்னாட்டு உசாவல் எதையும் கோராமல் இலங்கை அரசே முன்வைத்த வரைவுக்கு 29 நாடுகள் இசைந்தன. 12 நாடுகள் மறுத்தன. 6 நாடுகள் ஒதுங்கி நின்றன. இசைந்த 29-இல் இந்தியாவும் ஒன்று. 2012-இல் இலங்கைக்கு எதிரான வரைவுக்கு இந்தியா இசைந்தது. 2014-இல், உசாவல் வேண்டும் என்ற வரைவு வந்தபோது ஒதுங்கி நின்றது. ஒருமுறை அப்பக்கம், ஒருமுறை இப்பக்கம், ஒருமுறை எப்பக்கமும் இல்லை! அந்த ஒப்போலை தமிழரின் ஒப்போலையாக இருந்திருப்பின் இப்படி ஆடியிருக்குமா? நாடுகளின் மன்றத்தில் நாட்டுக்குத்தான் இருக்கை உண்டு; இனத்துக்கு இல்லை. அரசு இல்லாத இனத்தின் கண்ணீர், அரசுடைய மற்றொருவர் கண்வழியே வடிந்தால்தான் அவையேறும்.

இவையெல்லாம் செய்தித்தாளில் வரும் குடங்கள். செய்தித்தாளில் வாராத ஒரு குடம் இருக்கின்றது. அதில் எண்ணப்படுவது நிலமும் பணமும் படையும் அல்ல, தமிழ் எழுத்து. இன்றைய உரையின் உயிர்ப்பகுதி அதுவே.

துளையும் துளையின்மையும்

நெசவாளர் பெருமக்களுக்கு இதனை விளக்குவது எளிது. சேலையில் மயிலும் அன்னமும் கோபுரமும் பூப்பது எப்படி? தறிக்கு மேலே சாக்கார்டு அட்டை தொங்குகின்றது. அட்டையில் துளை இருந்தால் இழை எழும். துளை இல்லாவிடின் இழை கிடக்கும். துளை உண்டு, துளை இல்லை. இவ்விரண்டே சொற்களால் ஒரு முழு மயில் எழுதப்படுகின்றது. பிரான்சு நாட்டில் இலியோன் என்னும் பட்டு நெசவு நகரில் 1804-ஆம் ஆண்டளவில் உருவான பொறி அது. துளையட்டை என்னும் அக்கருத்தையே பின்பற்றி 1890-இல் அமெரிக்கர் தம் குடிமக்கள் கணக்கை எண்ணினர். அந்த வழியில் வந்ததே இன்றைய கணிப்பொறி. பட்டுத்தறியின் பேரப்பிள்ளை அது என்றால் மிகையன்று.

கணிப்பொறிக்குள் எழுத்து என்று ஒன்றும் இல்லை. எண் மட்டுமே உண்டு. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை உலகம் முழுமைக்கும் ஒரே அட்டையாக வகுத்தால்தான் காஞ்சியில் எழுதியது கனடாவில் படிக்கப்படும். அந்த உலக அட்டைக்கு ஒருங்குறி என்று பெயர். அதனை வகுக்கும் கூட்டமைப்பு 1991-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பதிவுபெற்றது. அதன் முழு உறுப்பினர் யாவர்? அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்டு முதலிய பெருவணிக நிறுவனங்கள். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, ஒப்போலை பெற்று, எழுத்துகளின் இருப்பிடத்தை முடிவு செய்கின்றன. அரசுகளும் கட்டணம் செலுத்தி உறுப்பினராகலாம், ஆகியும் இருக்கின்றன. இதற்கு இணையாகப் பன்னாட்டுத் தரப்பாட்டு அமைப்பும் அதே அட்டையைத் தன் பெயரில் வெளியிடுகின்றது. அங்கே நாட்டுக்கு ஓர் ஒப்போலை. முதற் குடத்தில் வணிகர் ஓலை. இரண்டாம் குடத்தில் அரசுகளின் ஓலை. தமிழ் பேசுவோர் ஓலை எதில்?

அட்டை வெட்டிய கை

1991-இல் முதல் அட்டை வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பரப்பு ஒதுக்கப்பெற்றது. அதன் அமைப்பு தமிழிலக்கணத்தினின்று வந்ததன்று. இந்திய அரசு 1988-இல் வகுத்த குறியீட்டு முறையிலிருந்து வந்தது. தேவநாகரியை முன்மாதிரியாக வைத்து, மற்ற இந்திய எழுத்துகளை அதே வரிசையில் அடுக்கிய முறை அது. வடமொழியில் ககரத்துக்கு நான்கு ஒலி, தமிழில் ஒன்று. எனவே தமிழ்ப் பரப்பில் இடையிடையே வெற்றிடங்கள். பிறன் உடலுக்கு அளவெடுத்த சட்டையைத் தமிழ்த்தாய்க்கு மாட்டியது போன்றது அது.

தொல்காப்பியம் கூறும் முதலெழுத்து முப்பது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. மெய்யின் புள்ளி நீங்க, அகரமேறிய உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழ் முறை. ஒருங்குறியிலோ அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. அதன்மேல் அகரத்தைக் கொல்லும் குறியாகப் புள்ளி வைத்தால் மெய். தமிழெழுத்து 247-இல், உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18 ஆக 31 எழுத்துகளுக்கே தனியிடம். எஞ்சிய 216-ம் ஒட்டுப்போட்டு ஆக்கப்படுபவை. பதினெட்டு மெய்யுள் ஒன்றுக்கேனும் தனியிடம் இல்லாத அந்த அட்டையில், கிரந்த வழி வந்த வடவெழுத்துகள் ஐந்துக்குத் தனியிடம் உண்டு! அவற்றுள் ஐந்தாவது 2005-இல் உள்ளே வந்தது.

பெயர்களையும் பாருங்கள். உலகில் தமிழுக்கே உரிய ஆய்த எழுத்துக்கு அந்த அட்டையில் வழங்கும் பெயர் ‘தமிழ் விசர்க்கக் குறி’. புள்ளிக்குப் பெயர் ‘விராமம்’. தமிழில் வழங்காத வடமொழி அனுச்சுவாரத்துக்கும் தமிழ்ப் பரப்பில் ஓரிடம். தமிழில் இது பயன்படுவதில்லை என்று அவர்களே பக்கத்தில் குறித்தும் வைத்திருக்கின்றனர். பிழை என்று தெரிந்தபின் திருத்தலாகாதா எனின், ஆகாது. ஒருமுறை ஏறிய எழுத்தின் இடமும் பெயரும் என்றும் மாற்றப்படா என்பது அக்கூட்டமைப்பின் உறுதிமொழி. ‘ஆய்தம்’ என்பதை ஒரு சிறுகுறிப்பாகச் சேர்க்கலாம், அவ்வளவே.

இந்தக் காஞ்சியில் 1909-இல் பிறந்த அண்ணா, இந்நாட்டுக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டும் முடிவை 1967 சூலை 18-ஆம் நாள் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதற்கும் தில்லியின் இசைவு வேண்டியிருந்தது. 1969 சனவரி 14-இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பெயரைப் போராடி மாற்ற முடிந்தது. ஓர் எழுத்தின் பெயரை மாற்ற முடியவில்லை! காலத்தில் அங்கே இல்லாதவன் கொடுத்த விலை அது.

கொரியனுக்குக் கிடைத்தது

‘எல்லார்க்கும் ஒரே நெறிதானே’ என்பார் உண்டு. அவர்க்கு ஒரு வரலாறு. கொரிய மொழியின் அசையெழுத்துகள் 6,656 முதலில் அந்த அட்டையில் ஏறியிருந்தன. அது போதாது, தம் அசையெழுத்து முழுமையும் வேண்டும் என்றனர் கொரியர். 1996-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், பழைய 6,656-ம் நீக்கப்பெற்றுப் புதிய பரப்பில் 11,172 இடங்கள் அவர்களுக்குக் கொடுக்கப்பெற்றன. அதன் பின்னரே ‘இனி எதனையும் இடம் பெயர்ப்பதில்லை’ என்ற கதவு இறுக அடைக்கப்பட்டது. 1999-இல் எத்தியோப்பிய எழுத்தும் அசையெழுத்துகளாகவே முந்நூற்றுக்கு மேற்பட்ட இடங்களோடு ஏறியது. தமிழ் கேட்டது அந்த 11,172-இல் ஒரு சிறு பங்கே. 2010-இல் தமிழ்நாட்டு அரசு, ஒருங்குறியோடு ‘தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடு’ என்ற பதினாறு துணுக்கு முறையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. எழுத்தொவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் முறை அது. உலக அட்டையில் அதற்கு முறையான இடம் கிடைக்கவில்லை. யாரும் தம் விருப்பம்போல் பயன்படுத்திக் கொள்ளலாம் என விடப்பட்ட புறம்போக்குப் பரப்பிலேயே அது குடியிருக்கின்றது.

கொரியன் எப்படிப் பெற்றான்? அவனுக்கு ஓர் அரசு இருந்தது. அந்த அரசுக்குத் தரப்பாட்டு அமைப்பில் ஒப்போலை இருந்தது. எல்லாவற்றினும் மேலாக, கதவு திறந்திருந்த காலத்தில் அவன் வாயிலில் நின்றான்.

ஏழு வெற்றிடங்கள்

இனி, தமிழர் வென்ற ஒரு நிகழ்வு. அதற்குக் காஞ்சியே சான்று கூறும்.

காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சிறு கோயில்களில் இராசசிம்ம பல்லவனின் பட்டப்பெயர்கள் அழகிய கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கிரந்தம் என்பது தென்னாட்டில் வடமொழி எழுதுவதற்கென வழங்கிய எழுத்து. காஞ்சியை அடுத்த கூரத்தில் கிடைத்த பரமேசுவரவர்மன் செப்பேட்டில், வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி தமிழெழுத்திலும் உள்ளன. தமிழ்ப் பகுதியில் வடசொல் வருமிடத்துக் கிரந்தம் கலந்திருக்கலாம். ஆயினும் மொழிக்கொரு எழுத்து என்ற வரப்பை வடமொழிப் பற்று மிக்க பல்லவரே கட்டிக் காத்தனர். வடமொழியைக் கிரந்தத்தில் எழுதினர். தமிழைத் தமிழில் எழுதினர்.

அவ்வரப்பை உடைக்கும் முயற்சி 2010-இல் ஒருங்குறி அவைக்கு வந்தது. வடமொழி ஒலிகளைக் காட்ட ‘நீட்டித்த தமிழ்’ என்ற பெயரில் 26 குறிகளைச் சேர்க்க வேண்டும் என்பது ஒரு முன்மொழிவு. தனியாள் ஒருவரிடமிருந்து வந்தது. கிரந்தத்துக்குத் தனிப் பரப்பு வேண்டும், அதில் எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்து ஐந்தும் எகர ஒகரக் குறி இரண்டுமாக ஏழு இடம்பெற வேண்டும் என்பது மற்றொன்று. இந்திய அரசின் வழியே வந்தது. வடமொழிக்கு எகரக் குறிலும் இல்லை, ழகரமும் இல்லை. அவ்வேழும் கிரந்தத்துக்கு எதற்கு? அவை புகுந்தால் முழுத் தமிழையும் கிரந்தத்திலேயே எழுதிவிடலாம். அதுதான் அதன் உட்கிடை என்று தமிழறிஞர் கண்டனர், கொதித்தனர்.

இங்கும் கடலுக்கப்பாலும் உள்ள தமிழ்க் கணியறிஞர்கள் இரவு பகலாய் மறுப்புரை வரைந்தனர். 2010 நவம்பரில் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அறிஞர்களை அழைத்துக் கலந்தாய்ந்து நடுவண் அரசுக்கு எழுதினார். எந்த இந்திய அரசின் வழியே முன்மொழிவு போயிற்றோ, அந்த இந்திய அரசே ஒத்திவைக்கும்படி கேட்க வேண்டியதாயிற்று. முடிவு என்ன? 26 குறிகளும் தமிழ்ப் பரப்பில் ஏறவில்லை. கிரந்தம் 2014-இல் தனிப் பரப்பாக ஏறியது. அந்த ஏழு தமிழெழுத்துகளும் இல்லாமலே ஏறியது. இன்றும் அப்பரப்பை விரித்துப் பார்ப்போர், அவ்வேழும் அமர்ந்திருக்க வேண்டிய இடங்கள் வெற்றிடமாய்க் கிடப்பதைக் காணலாம். தமிழர் விழித்திருந்தமைக்கு அவ்வேழு வெற்றிடங்களே கல்வெட்டு!

‘எழுத்து தெரிகிறதே, போதாதா?’

இவ்விடத்தில் ஒரு வினா எழும். கைப்பேசியில் தமிழ் நன்றாகத் தெரிகின்றது. தட்டினால் எழுத்து வருகின்றது. உள்ளே எண் எப்படி இருந்தால் என்ன? எழுத்தின் உள்முறை வேறு, இலக்கணம் வேறு அல்லவா? இது நேர்மையான வினா, ஏளனம் செய்யத்தக்கதன்று. ஒருங்குறி வந்தமையால்தான் சிதறிக் கிடந்த நூறு எழுத்துருக்களின் குழப்பம் ஒழிந்து, உலகத் தமிழர் ஒருவர்க்கொருவர் எழுத முடிந்தது என்பதும் உண்மை. அதனை மறுப்பது நன்றி கோறல் ஆகும்.

ஆயினும் நெசவாளர் அறிவர்: சேலையின் மேற்புறம் மட்டும் பார்ப்பவன் வாங்குபவன், அடிப்புறம் திருப்பிப் பார்ப்பவன் நெய்தவன். இன்று பெரிதும் வழங்கும் முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஓர் அலகு. ‘க்’ என்ற ஒரு மெய்யெழுத்துக்கு ஆறு அலகு. எழுத்தெண்ணும் சிறு நிரல் எழுதினாலும், ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லை ஐந்து என்று பொறி எண்ணுகின்றது. சொல்லைப் பகுக்கவும் புணர்ச்சியைப் பிரிக்கவும் பொறிக்குக் கற்பிப்போர், மெய்யும் உயிரும் வேறுவேறாக இல்லாத அட்டையோடு ஒவ்வொரு முறையும் மல்லுக்கு நிற்கின்றனர். இவையெல்லாம் கடக்கக் கூடிய தொல்லைகளே. கடக்க முடியாதது ஒன்றே: தன் எழுத்தின் பெயரையும் இடத்தையும் தான் முடிவு செய்யாத இனம் என்ற நிலை.

தாள் எழுதுபவன் கை

இனிச் செய்ய வேண்டியது என்ன? ஐவர் தடையுரிமையை நாளைக் காலையில் தமிழர் பறித்துவிட முடியாது. பணநிதியத்தின் எடைக்கல்லை மாற்றிவிட முடியாது. ஆனால், ஒருங்குறி அவையின் நடைமுறை வேறொரு பாடத்தைச் சொல்கின்றது. ஒப்போலை இல்லாதவரும் அங்கே முன்மொழிவு அனுப்பலாம். அது பெரும்பாலும் ஆண்டுக்கு நான்கு முறை கூடுகின்றது. தாள்கள் பொதுப்பார்வைக்கு வைக்கப்படுகின்றன. ஒப்போலை இடுவோர்க்குத் தமிழ் தெரியாது. அவர்கள் முன் இருக்கும் தாளையே அவர்கள் அறிவர். எனவே, தாள் எழுதுபவன் கையில்தான் பாதி ஆட்சி இருக்கின்றது. எழுதி அனுப்பியவரைப் பழித்துப் பயனில்லை. எழுதி அனுப்பாமல் மேடையில் மட்டும் முழங்கியவரே தம்மைத் தாம் நோக வேண்டும்.

இதற்கு நல்ல சான்றும் உண்டு. முந்திரி என்ற 320-இல் ஒரு பங்கு முதலான தமிழ்ப் பின்னக் குறிகளும், உழக்கு, குறுணி, குழி, வேலி, நன்செய், புன்செய் என்பவற்றுக்குப் பழஞ்சுவடியில் வழங்கிய குறிகளுமாக 51 குறிகள் 2019-இல் உலக அட்டையில் ஏறின. கல்வெட்டையும் சுவடியையும் சான்று காட்டி வரைந்த தாள்களின் பயன் அது. கத்திக் கேட்டபோது கிடைக்காதது சான்று காட்டிக் கேட்டபோது கிடைத்தது.

ஆகவே, அன்பர்களே, தமிழ்நாட்டு அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஒருங்குறிக் கூட்டமைப்பில் தமிழ்நாட்டுக்கு உரிய உறுப்பினர் இடத்தை ஆண்டு தவறாமல் காத்தல்; ஆட்சி மாறினாலும் அது மாறக்கூடாது. இரண்டு, இலக்கணப் புலவரும் கல்வெட்டறிஞரும் கணிப்பொறியாளரும் ஒரே மேசையில் அமரும் நிலைத்த குழு ஒன்றை அமைத்து, வரும் தாள் ஒவ்வொன்றையும் வந்த நாளிலேயே படித்து மறுமொழி அனுப்புதல். 2010-இல் போலத் தீப்பற்றிய பின் கிணறு தேடலாகாது. மூன்று, தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட சிங்கப்பூரோடும், உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்க் கணியறிஞரோடும் இணைந்து ஒரே குரலில் பேசுதல். இவை எவற்றுக்கும் படை வேண்டா, பெருஞ்செல்வமும் வேண்டா, விழிப்பு வேண்டும்.

காஞ்சிப் பட்டின் உறுதி எங்கே இருக்கின்றது? கோர்வையில். உடல் வேறு, கரை வேறாக நெய்து, இழைக்கு இழை பின்னிப் பிணைக்கும்போது, சேலை கிழிந்தாலும் கிழியும், கரை பிரியாது என்பர். இலக்கணம் அறிந்தவன் ஓர் இழை. பொறி அறிந்தவன் ஓர் இழை. இரண்டும் தனித்தனியே கிடக்கும்வரை பிறன் வெட்டிய அட்டைக்கு ஏற்பத் தமிழ் எழுந்தும் கிடந்தும் ஆடும். இரண்டும் கோர்வையாகும் நாளில், அட்டை வெட்டும் கையே தமிழ்க்கையாக இருக்கும்.

உத்திரமேரூர்க் குடத்தில் உழுதவன் ஓலையும் நெய்தவன் ஓலையும் விழ ஆயிரம் ஆண்டு ஆயிற்று. உலகக் குடத்தில் தமிழர் ஓலை விழ இன்னோர் ஆயிரம் ஆண்டு காத்திருக்க முடியாது. ஓலையைத் தாமே சீவுக! தாமே எழுதுக! குடத்தின் வாய் திறந்திருக்கும்போதே இடுக!

வெல்க தமிழ்!